மாலைக்கு முன்னே



வலைப்பந்துக்கும் ஓட்டத்துக்கும் நாம் கை தட்டிப் பழகியவர்கள். கடலை நீந்திக் கடப்பவருக்கும் சிகரம் ஏறுபவருக்கும் அந்தக் கைதட்டல் வேண்டுமா? "உயிரோடு விளையாடுவதா?" என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். ஜயந்தி குரு உதும்பல 2016 மே 21இல் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அவருக்கு முன் இலங்கையர் எவரும், ஆண்கள் உட்பட, அங்கே கால் வைத்ததில்லை.

இவர்களுக்கு அங்கீகாரம் வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் வென்றபின் போடும் மாலை மட்டும் அங்கீகாரமாகாது. குளிர்நீரில் உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் புத்தி தடுமாறும். தன் ஆபத்து நீந்துபவருக்கே தெரியாது. கூடவரும் படகில் இருப்பவர்தான் கவனித்துத் தூக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத விளையாட்டுக்குப் பயிற்றுநரும் கிடைக்கமாட்டார், வைத்தியரும் கிடைக்கமாட்டார். ஆசைப்பட்டவர்கள் தனியாகவே இறங்குவார்கள்.

டயகமவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. அதைப் பார்த்தே வளர்ந்தோம். கொழுந்துக்கூடையோடு மலை ஏறி இறங்கிய அம்மாமாரின் பிள்ளைகள் நாம். நாளை ஒரு தங்கை "மலையேறப் பழக வேண்டும்" என்று வந்தால், "பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்காதிருப்போம். நல்ல சப்பாத்தும் பயிற்சியும் வைத்தியப் பரிசோதனையும் இந்த நூற்றாண்டில் நமது சங்கத்தின் பொறுப்பாகட்டும். மாலையைப் பிறகு போடுவோம்.