வேதாளம் கேட்ட கேள்வியும் சங்கர் வரைந்த படமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வள்ளூரிலிருந்து வருகிற இன்ஜினியர் கொதிகலனைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் வேதாளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்படாதீங்க, சீக்கிரம் முடித்துவிடுவேன்!

1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவில் 1952-ல் சேர்ந்தவர் ஓவியர் சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன். 2020-ல் காலமானார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அவர் வரைந்த படம் நம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. இருண்ட சுடுகாடு, சுற்றிலும் மண்டை ஓடுகள், கையில் வாள், தோளில் பிணத்தோடு நடக்கிற விக்கிரமாதித்தன்.

சின்ன வயசில் அந்தப் பிணத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். கதையைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது, பயம் அங்கே இல்லை. வேதாளம் சொல்வது இதுதான்: பதில் தெரிந்தும் சொல்லாமலிருந்தால் தலை சுக்குநூறாகும். சொன்னாலோ, மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே போய்விடும். பட்ட பாடெல்லாம் வீண், முதலிலிருந்து நடக்கணும். அந்தக் கேள்விக்கு முன்னால் வாளால் என்ன பயன்? இதைப் படத்தில் காட்ட முடியாது. சங்கர் காட்டியது, மூடிய வாயோடு அவன் நடக்கிற அந்த நேரத்தை.

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரேயும் அப்படித்தான். சிவப்புக் குல்லாய்ச் சிறுமியை ஓநாய் தின்றுவிடுவதோடு முடிகிறது, 1697-ல் பெரோ எழுதிய கதை. 1862-ல் தோரே வரைந்த புகழ்பெற்ற படத்தில், பாட்டியின் குல்லாய் போட்ட ஓநாயைப் படுக்கையில் அவள் உற்றுப் பார்க்கிறாள். அவ்வளவுதான். மீதி நம் வேலை.

நண்பர்களே, என் கதை ஒன்றும் உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில், பம்பு பழுதுபார்க்கப் பெர்மிட் கொடுத்திருந்தார்கள். வால்வில் பூட்டு இல்லை, நான் பார்த்தேன். சொன்னால் வேலையை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கணும், மேலதிகாரி முகம் சுளிப்பார். வாயை மூடிக்கொண்டேன். வெந்நீர் பீய்ச்சியடித்து ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் கை வெந்துபோனது. என் தலை வெடிக்கவில்லை. ஆனால் அவர் அலறியது இன்னும் உள்ளே கேட்கிறது.

சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் முடிவும் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு மன்னனுக்கு நிஜமாகவே பதில் தெரியவில்லை, அதனால் பேசவில்லை. வேதாளம் மகிழ்ந்து, அவனைப் பலியிடக் காத்திருக்கும் துறவியின் சதியைச் சொல்லி உயிரைக் காப்பாற்றுகிறது. தெரியாத இடத்தில் மட்டும்தான் அவன் மௌனமாக இருந்தான்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு ஆலைக்குள் போவீர்கள். பூட்டில்லாத வால்வைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள். முதலிலிருந்து நடந்தாலும் பரவாயில்லை.