விலை சொல்வதற்கு முன் போய்ப் பாருங்கள்

(அறக்கட்டளையின் சிறுதொழில் வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. கன்சர்வேட்டரியைச் சுத்தம் செய்து கொடுக்க எவ்வளவு கேட்பது என்பதுதான் அது. அறக்கட்டளைச் செயலாளருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நம்முடைய வட்டியில்லாக் கடன் நிதியில் கைவைத்துப் பார்த்தபோதுதான் இந்தப் பேச்சுக்கு அவசியம் வந்தது.

ஹாரோ, பின்னர், ரூயிஸ்லிப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு பின்புறத்தில் தோட்டத்தை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூடம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1980களிலும் 90களிலும் பிளாஸ்டிக் சட்டம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இவை பரவலாகக் கட்டப்பட்டன. இங்குள்ள ஈரத்துக்குக் கூரையில் பாசி படிகிறது. பக்கத்து மரத்தின் இலைகள் பீலியை அடைக்கின்றன. வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டால் அவரால் ஏறிக் கழுவ முடியாது. ஆகவே இந்த வேலைக்குக் குறைவில்லை. நம் இளைஞர்களும் குடும்பத் தலைவர்களும் இதில் இறங்குவது ஹலாலான, கண்ணியமான சம்பாத்தியம். அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட சகோதரரின் அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

கிடங்கு வேலை போனபின் அவர் எங்களிடம் வந்தார். பழைய வேன், தண்ணீர் டேங்க், வடிகட்டி, நீளமான பிரஷ் கம்பு ஆகியவற்றுக்கு நிதியிலிருந்து கடன் கொடுத்தோம். உழைப்பாளி. சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பவர். ஒரு நாள் தொலைபேசியில் ஓர் அம்மா, "சின்ன கன்சர்வேட்டரிதான், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். வேலை கை நழுவிவிடக் கூடாதே என்று இவர், "நாற்பது பவுண்ட்" என்று சொல்லிவிட்டார்.

போய்ப் பார்த்தால் கூரை முழுக்கப் பல வருடத்துப் பாசி. பீலியில் செடியே முளைத்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியவருக்கு மதியம் ஒன்றாகியும் கூரை முடியவில்லை. இரண்டு மணிக்கு இன்னொரு வீட்டில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவசரத்தில் ஏணியில் ஏறி, நடுவில் எட்டாத இடத்தைத் தேய்ப்பதற்காகப் பேனல்மேல் ஒரு முழங்காலை ஊன்றினார். பேனல் உடைந்தது. அல்லாஹ்வின் கிருபையால் சட்டத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். காலில் காயம். காப்பீடு எடுக்கவில்லை. புதிய பேனலுக்குத் தன் பையிலிருந்து கொடுத்தார். அந்த நாற்பது பவுண்டையும் அவர் கேட்கவில்லை.

அதன்பின் கடன் தவணை நின்றுவிட்டது. அதைவிட எங்களை வருத்தியது வேறொன்று. ஜும்ஆ முடிந்ததும் எங்களைக் கண்டால் மறு வாசல் வழியாகப் போய்விடுவார்.

இதில் எங்கள் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. கடன் கொடுக்கும்போது ஜாமீன் யார் என்று கேட்டோம். வேனின் காகிதங்களைப் பார்த்தோம். "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்கப் போகிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, "மிகக் குறைந்த கட்டணத்தில் செய்து தருகிறார்" என்று இதே இதழில் அவரைப் பாராட்டியும் எழுதினோம். அந்தக் குறைந்த கட்டணம்தான் அவரைக் கூரைமேல் ஏற்றியது.

மதரஸாவில் இஜாரா பாடம் ஓதியவர்களுக்குத் தெரியும். கூலிக்கு வேலை பேசும்போது வேலை இன்னது என்பதும் கூலி இவ்வளவு என்பதும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணால் பாராத கூரைக்குத் தொலைபேசியில் விலை சொல்வதில் வேலையும் தெரியவில்லை, கூலியின் நியாயமும் தெரியவில்லை. பிணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சரி, எவ்வளவு கேட்பது? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். வழிமுறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு 52 வாரம். இரண்டு பெருநாள், விடுமுறை, காய்ச்சல், தலைவலி என்று 6 வாரம் போனால் மீதி 46. வாரத்துக்கு 40 மணி நேரம் உழைக்கிறீர்கள். அத்தனைக்கும் யாரும் காசு தரமாட்டார்கள். வேன் ஓட்டுவது, வீடு பார்த்து விலை சொல்வது, தண்ணீர் நிரப்புவது, பில் எழுதுவது, தொலைபேசி என்று 15 மணி நேரம் போய்விடும். வாடிக்கையாளர் வீட்டில் வேலை செய்வது 25 மணி நேரம். ஆக வருடத்தில் நீங்கள் உழைப்பது 1,840 மணி நேரம். காசு வருவது 1,150 மணி நேரத்துக்கு.

செலவைப் பாருங்கள். வேன் காப்பீடு, பெட்ரோல், பழுது, தொழில் காப்பீடு, வடிகட்டியில் போடும் பொருள், பிரஷ், சோப்பு, தொலைபேசி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 6,000 பவுண்ட் என்று வைப்போம். லண்டன் தண்ணீர் கடினமானது. அப்படியே கழுவினால் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். அதனால்தான் சுத்திகரித்த தண்ணீர் தேவைப்படுகிறது. தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு சீக்கிரம் வடிகட்டிப் பொருள் தீரும். அதையும் செலவில் எழுதுங்கள்.

இப்போது ஒருவர் மணிக்கு 15 பவுண்ட் வாங்குகிறார் என்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வருடத்துக்கு 17,250 பவுண்ட் வரும். செலவு போக 11,250. அதை உழைத்த 1,840 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 6 பவுண்ட் 11 பென்ஸ். 2025 ஏப்ரலில் இந்நாட்டில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ள தொழிலாளிக்குச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 12 பவுண்ட் 21 பென்ஸாக இருந்தது. அதாவது அதில் பாதிதான் இவருக்குக் கிடைக்கிறது. சொந்தத் தொழில் செய்பவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. வேறொரு முதலாளி இந்தக் கூலி கொடுத்தால் அநியாயம் என்போம். நமக்கு நாமே கொடுத்துக்கொண்டால் சிக்கனம் என்கிறோம்.

அந்தக் குறைந்தபட்சக் கூலியாவது கையில் நிற்க வேண்டுமானால், இதே கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 25 பவுண்ட் வாங்க வேண்டும். 30 வாங்கினால் வரிக்கு முன் கையில் நிற்பது மணிக்குப் பதினைந்தரை. வேன் நின்றுபோனால் பழுதுபார்க்கவும், கடன் தவணை கட்டவும் அப்போதுதான் முடியும். இது தரை. இதற்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது, வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பது. போய்ப் பார்க்காமல் இது தெரியாது. போக முடியாவிட்டால் நான்கு பக்கமும் கூரையும் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை இவை: கூரை கண்ணாடியா, பாலிகார்பனேட்டா? எத்தனை பேனல்? கடைசியாக எப்போது கழுவியது? பாசி எவ்வளவு? பீலி அடைத்திருக்கிறதா? எல்லாப் பக்கமும் தரையில் நின்று பிரஷ் எட்டுமா? வேனை எங்கே நிறுத்துவது, கட்டணம் உண்டா?

ஒரு கூரையில் 24 பேனல் என்று வைப்போம். பேனலுக்கு 4 நிமிடம் என்றால் 96 நிமிடம். பீலியும் அதன் முகப்புப் பலகையும் 40 நிமிடம். பக்கக் கண்ணாடியும் சட்டமும் ஒரு மணி நேரம். குழாய் விரித்துச் சுருட்ட அரை மணி நேரம். கடைசியாக அலசி, வீட்டுக்காரரிடம் காட்ட 14 நிமிடம். கூட்டினால் 4 மணி நேரம். 120 பவுண்ட். உட்புறமும் வேண்டும் என்றால் அது தனி வேலை, தனி விலை. வருடா வருடம் கழுவினால் அடுத்த முறை பாசி குறைவாக இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால் 75 பவுண்டுக்குச் செய்யலாம். இதை முதல் நாளே சொன்னால் அவர் நிரந்தர வாடிக்கையாளர் ஆவார்.

"பேனலுக்கு 4 நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பீர்கள். அது உங்கள் குறிப்பேட்டிலிருந்து வர வேண்டும். முதல் பத்து வேலைகளுக்கு எதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். அதன்பின் பேனலை எண்ணியே விலை சொல்லலாம்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியதையும் விலை சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு இடையே பூத்திருக்கும் ஈரப் புகையை நாம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது சீல் கெட்டுப்போனதன் அடையாளம். பாலிகார்பனேட் பேனலின் உள்குழாய்களுக்குள் படிந்த பச்சையும் வெளியே தேய்த்தால் போகாது. இதை வேலை முடிந்தபின் சொன்னால் சாக்குப்போக்கு என்பார். முன்பே சொன்னால் நேர்மையானவர் என்பார். ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தொடங்கும் முன் படம் பிடித்து அவரிடம் காட்டுங்கள். வேகமாக முடிக்க வேண்டும் என்று அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தைக் கூரைச் சந்துகளில் அடிக்காதீர்கள். ரப்பர் சீல் பெயர்ந்து வீட்டுக்குள் ஒழுகும். சொரசொரப்பான நாரால் பாலிகார்பனேட்டைத் தேய்த்தால் கீறல் விழும்.

கூரைமேல் கால் வைக்கவே கூடாது. உயரத்தில் செய்யும் வேலைக்கு 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. தனியாகத் தொழில் செய்பவருக்கும் அவை பொருந்தும். தரையில் நின்று செய்ய முடிந்ததை மேலே ஏறிச் செய்யாதே என்பதுதான் அவற்றின் முதல் பாடம். தரையிலிருந்து எட்டாது, பாதுகாப்பாக ஏணி வைக்கவும் இடமில்லை என்றால் அந்த வேலையை மறுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு 40 பவுண்டைவிட நீங்கள் தேவை.

பிறர் சொத்தைச் சேதப்படுத்தினால் ஈடு கொடுக்கும் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் எங்களிடம் கடன் வாங்குபவருக்கு இனி அது கட்டாயம். வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் முதலாளி பொறுப்புக் காப்பீடு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படியே கட்டாயம். ஆண்டு வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிவு செய்யவும் தவறாதீர்கள்.

விலை ஏற்றிக் கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. கூரையைப் பார்த்து விலை சொல்லுங்கள். வாசலில் நிற்கும் காரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். தனியாக வாழும் முதியவருக்கு விவரம் தெரியாது என்று இரட்டிப்பாகக் கேட்பது அளவையில் மோசடி செய்வதற்குச் சமம். அவர் ஏழை என்று தெரிந்து உதவ விரும்பினால், "விலை 120, உங்களுக்கு 50 குறைத்திருக்கிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். அது ஸதகா. பயத்தில் குறைத்துச் சொல்வது ஸதகா ஆகாது.

வீட்டில் தொலைபேசியை எடுக்கும் சகோதரிகளே! யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், "பார்த்துவிட்டு எழுத்தில் விலை தருவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். கணவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.

இங்கே உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாமும் வாடிக்கையாளர்கள்தான். வெளிக் கம்பெனி கேட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். நம் சகோதரர் வந்தால், "நம்ம ஆள்தானே, பார்த்துப் போடுங்க பாய்" என்கிறோம். வேலை முடிந்தபின், "ஜும்ஆவில் தருகிறேன்" என்கிறோம். வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்கச் சொல்லப்பட்ட சமுதாயம் நாம். நம்ம ஆள் என்றால் அவருக்கு முதலில் கொடுக்க வேண்டாமா?

இனி கடன் விண்ணப்பத்துடன் ஒரு பக்கக் கணக்குத் தாள் இருக்கும். செலவு, உழைக்கும் நேரம், காசு வரும் நேரம், மணிக்கு வாங்கும் தொகை ஆகிய நான்கையும் விண்ணப்பதாரர் எங்களோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும். முதல் பத்து விலைத் தாள்களையும் அனுப்புவதற்கு முன் எங்களிடம் காட்டலாம். அதைப் பார்த்துத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். அந்த முழங்கால் சகோதரர்தான் அவர். அவருடைய தவணையை நிர்வாகம் சிறிதாக்கிக் கொடுத்தது. மறுபடி கட்டத் தொடங்கிவிட்டார். இப்போது ஜும்ஆ முடிந்ததும் எங்களோடு ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறார்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.