சக்கரம் உள்ள வீட்டுக்கு நிலம் யாருடையது?



பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். செஸ்டரிலிருந்து ஹோலிஹெட் செல்லும் ரயில் வட வேல்ஸ் கடற்கரையை ஒட்டி ஓடும்போது, சன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகக் கேரவன்கள் நிற்கும். பல, லாரியில் ஏற்றிவந்து இறக்கிவைத்த பெரிய நிலைக் கேரவன்கள். ஆனால் அந்த நாட்டு முகாம்களில் வேறொரு வகையும் உண்டு. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் சிறிய கேரவன், ஏப்ரலில் நின்ற இடத்திலேயே ஆகஸ்டிலும் நிற்கும். ஓடுவதற்காகச் செய்த வண்டியை ஏன் ஒரே இடத்தில் கட்டிப்போட்டார்கள்?

கேரவனில் உல்லாசப் பயணம் போகும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர். 1885இல் பிரிஸ்டலில் ஒரு வண்டியைக் கட்டச் செய்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். ஊர் ஊராகத் திரிவதில்தான் அவருக்கு இன்பம். இன்று வார நாள் முழுவதும் வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த இன்பம் கட்டுப்படியாகாது. வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் கேரவனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். விரைவுச் சாலையில் மற்ற கார்கள் 70 மைல் வேகத்தில் போகலாம். கேரவன் இழுக்கும் காருக்கு 60 மைல்தான். மூன்று தடச் சாலையில் வலக்கோடித் தடத்துக்குள் நுழையவே கூடாது. போய்ச் சேர்ந்து, வண்டியைச் சமன் செய்து, கூடாரம் கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். ஞாயிறு மத்தியானம் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும்.

இதற்குத்தான் 'சீசன் பிட்ச்'. பெரும்பாலும் மார்ச் அல்லது ஈஸ்டர் தொடங்கி அக்டோபர் முடிய, ஒரு குறிப்பிட்ட இடத்தை ஒரே குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டணம் முன்கூட்டியே. வண்டி அங்கேயே நிற்கும். குடும்பம் பால், ரொட்டியோடு காரில் வந்து இறங்கினால் போதும். பக்கத்து இடத்துப் பிள்ளைகள் வருடா வருடம் சந்தித்து ஒன்றாக வளர்கிறார்கள். ஜெர்மனியிலும் இப்படி நெடுநாள் தங்குவோர் உண்டு. அங்கே சிலர் வேலி கட்டி, பூச்செடி வைத்து, ஒரு சின்னத் தோட்டத்தையே உருவாக்கிவிடுவார்கள்! மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது அவ்வளவாகப் பொருந்தாது. இயந்திரம் உள்ள வண்டியை ஏழு மாதம் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கும், டயர் கெடும். சாலை வரியும் வீண்.

வசதிகளிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முகாமில் கிடைக்கும் மின் இணைப்பு பெரும்பாலும் 16 ஆம்பியராகத்தான் இருக்கும். சில இடங்களில் 10. இரண்டு கிலோவாட் கெட்டில் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். குளிருக்கு ஹீட்டரும் தேநீருக்குக் கெட்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் விளக்கெல்லாம் அணைந்துவிடும். முதல் வாரத்தில் இந்தப் பாடத்தைப் படிக்காத குடும்பம் குறைவு.

இனி, பலரும் கவனிக்காத பகுதி. அந்த நிலத்தில் அவர்களுக்கு என்ன உரிமை?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டபோது, பல குடும்பங்கள் கேரவனிலேயே குடியிருந்தன. அதை ஒழுங்குபடுத்த 1960இல் ஒரு சட்டம் வந்தது. முகாம் நடத்த உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும் என்றானது. 1983ஆம் ஆண்டுச் சட்டம், நிரந்தரக் குடியிருப்புக்கு அனுமதி பெற்ற முகாம்களில் வாழ்வோருக்கு இடப் பாதுகாப்புக் கொடுத்தது. விடுமுறைக்கு மட்டும் உரிமம் பெற்ற முகாம் அதற்குள் அடங்காது. ஆகவே சீசன் பிட்ச் எடுத்தவர் வாடகைக்காரர் அல்லர். அனுமதி பெற்ற விருந்தாளி மட்டுமே. பத்து வருடம் தொடர்ந்து பணம் கட்டியிருந்தாலும், பதினோராவது வருடம் இடம் கொடுக்க வேண்டும் என்று முகாம்காரரைப் பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது.

வேலை ஓய்வு பெற்ற தம்பதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். "கடற்கரையில் இவ்வளவு மலிவாக இருக்க முடியுமென்றால் வீடு எதற்கு?" என்று வீட்டை விற்றுவிடுகிறார்கள். கோடை இனிதாகக் கழிகிறது. அக்டோபர் முடிந்ததும் வாயிற்கதவு பூட்டப்படும். வேறு முகவரி இல்லை. பல முகாம்கள் சேரும்போதே, சொந்த வீட்டுக்கு மன்ற வரி கட்டிய ரசீதைக் கேட்கின்றன. அது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணியவர்களுக்கு அப்போதுதான் காரணம் புரிகிறது. அதிலேயே குடியிருந்தது தெரியவந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் வாய்ப்பு உண்டு. வயதான காலத்தில் இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கிறது?

2020ஆம் ஆண்டு இன்னொரு பாடம் தந்தது. கோவிட் முடக்கத்தால் மார்ச் மாதம் மூடிய முகாம்கள் இங்கிலாந்தில் ஜூலை 4ஆம் தேதிதான் திறக்க அனுமதி பெற்றன. முழுப் பருவத்துக்கும் பணம் கட்டியவர்கள், போன மாதங்களுக்கு என்ன கணக்கு என்று கேட்டார்கள். கிடைக்காத சேவைக்குப் பணம் திரும்ப வேண்டும் என்பதே பொதுவான நிலை என்று போட்டி, சந்தை ஆணையம் அறிவித்தது. ஆயினும் கையில் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தவருக்கும் வாய்வார்த்தையை நம்பியவருக்கும் இருந்த வேறுபாடு பெரியது.

ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை உண்டு. பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும்? அடுத்த ஆண்டுக் கட்டணத்தை எப்போது சொல்வார்கள்? கேரவனுக்கு வயது வரம்பு உண்டா? சில முகாம்கள் பழைய வண்டியை ஏற்பதில்லை. மின்சாரத்துக்குத் தனி மீட்டரா? முகாம்காரர் தாம் வாங்கிய விலைக்கு மேல் மின்சாரத்தை விற்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. பலர் இதை அறியாமல் கேட்டதைக் கொடுக்கிறார்கள். வண்டி வீட்டு வாசலில் இல்லை, முகாமில் நிற்கிறது என்று காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் கடைசி வாரத்தில் முகாமுக்குப் போனால் எல்லாரும் மும்முரமாக இருப்பார்கள். நனைந்த கூடாரத்தைக் காயவைப்பார்கள். குழாய்க்குள் தண்ணீர் தங்கினால் பனியில் உறைந்து வெடிக்கும் என்பதால் அதை ஒட்ட வடித்துவிடுவார்கள். டயரில் காற்றுப் பார்த்து, ஏழு மாதம் அசையாத வண்டியைக் காரில் பூட்டி, மெதுவாக வாயிலைத் தாண்டுவார்கள். கூடாரம் நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கிடக்கும். அடுத்த ஆண்டு அந்த இடம் வேண்டுமா என்று கேட்கும் கடிதம் பலருக்கு அதற்கு முன்பே வந்திருக்கும். முன்பணத்துக்கான கெடு தேதியும் அதிலேயே இருக்கும்.