காசநோயும் நம் கேட் பாஸும்

(மார்ச் 24 உலகக் காசநோய் தினத்தை ஒட்டி நம் சங்கக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். நோயைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். போன தீபாவளி கழிந்த வாரத்தில் நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சர்க்குலரை எழுதியவன் நான். வீட்டு வேலை செய்கிறவர்கள், டிரைவர்கள், செக்யூரிட்டிகள் எல்லாரும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ‘காசநோய் இல்லை’ என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கேட் பாஸ் கிடையாது என்று அதில் இருக்கிறது. வங்கியில் சர்க்குலர் படித்துப் படித்துப் பழகிய கை என்பதால் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதினேன். விஷயம்தான் பிழை. அதை நிரந்தர விதி ஆக்கும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் நீங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நம் பிளாக்கில் நான்கு வீடுகளில் வேலை செய்த ஓர் அம்மா. அவர் பையில் இருந்த மாத்திரை அட்டையை யாரோ பார்த்து, படம் எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். இரண்டே நாளில் நான்கு வீடும் கதவைச் சாத்தின. அதில் ஒன்று என் வீடு. அவர் காபி குடித்த டம்ளரை என் மனைவி தூக்கிப் போட்டாள். நான் தடுக்கவில்லை.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்த நண்பருக்கு இதே நோய் வந்தது. சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு போட்டார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நாங்கள் கோஷ்டியாக வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். திரும்பி வந்த அன்று கிளையில் எல்லாருக்கும் ஸ்வீட். இரண்டு பேருக்கும் ஒரே கிருமி. ஒருவர் நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது, இன்னொருவருக்கு அந்த மாதச் சம்பளத்தைக்கூட நாம் ஒழுங்காகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் மார்க்கெட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், அவர்தான் கூப்பிட்டு நலம் விசாரித்தார். “உடம்பு தேவலை சார், அடுத்த மாசத்தோட மாத்திரை முடியுது” என்றார். பிறகு ஒன்று சொன்னார்: “நீங்க வர வேணாம்னு சொன்னப்பவே மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார்.” அந்த வாக்கியத்தின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது.

காசநோய் காற்றில்தான் பரவும். டம்ளர், தட்டு, துணி, லிஃப்ட் பொத்தான் எதிலும் இல்லை. நுரையீரலில் நோய் இருப்பவர், மருந்து தொடங்குவதற்கு முன்னால் இருமும்போதுதான் மற்றவர்களுக்கு ஆபத்து. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண வகையாக இருந்தால், சரியான மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் பெரும்பாலானவர்களிடமிருந்து பரவுவது ஏறக்குறைய நின்றுவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத வகையும் உண்டு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக, அந்த அம்மா நம் வீட்டில் பாத்திரம் துலக்கி ஆபத்தாக இருந்த நாட்கள் உண்டென்றால், அவை யாருக்கும் எதுவும் தெரியாமல் அவர் இருமிக்கொண்டிருந்த நாட்கள். மாத்திரை அட்டையைப் பார்த்து நாம் பயந்தபோது அந்த ஆபத்து முடிந்து போயிருந்தது.

இதைக் கண்டுபிடித்தது எங்கோ வெளிநாட்டில் என்று நினைத்தேன். இல்லை, நம் சேத்துப்பட்டில். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு நான்கும் சேர்ந்து அங்கே ஒரு மையம் தொடங்கின. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. ஆனால் படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். அதனால் ஒரு கேள்வி எழுந்தது: புதிதாக வந்திருந்த மாத்திரைகளைக் கொடுத்து நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒரு பாதி தாம்பரம் சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து, ஒரு வருடம் அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியானபோது, குணமாவதில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதைவிட முக்கியம் இரண்டாவது முடிவு. கூட இருந்த குடும்பத்தினரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி ஒரே அறையில் கூடப் படுத்திருந்த குடும்பங்களில், நோயாளியைத் தாம்பரத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பங்களைவிட அதிகமாக நோய் வரவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்னாலேயே பரவ வேண்டியது பரவியிருந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூடிவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அது நடந்த இடத்துக்கு மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அந்தச் சர்க்குலரை எழுதியிருக்கிறேன்.

‘நமக்குத்தான் சின்ன வயதிலேயே பி.சி.ஜி. ஊசி போட்டாயிற்றே’ என்று ஒருவர் குரூப்பில் எழுதியிருந்தார். தோளில் இருக்கும் அந்தத் தழும்பு. கிண்டியில் 1948இலிருந்து அந்த மருந்தைத் தயாரித்தார்கள். பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோய் வராமல் அது காப்பாற்றுகிறது. அதனால் பேரக்குழந்தை பிறந்தால் தவறாமல் போடுங்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்குமா என்று பார்க்க, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரை வைத்துச் சோதனை தொடங்கினார்கள். தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஆக, தழும்பைக் காட்டி நாமும் தப்பிக்க முடியாது, வேலைக்கு வருகிறவர்களும் தப்பிக்க முடியாது.

பிறகு எது தடுக்கும்? என்னை உலுக்கிய ஆய்வு ஜார்க்கண்டில் நடந்தது. முடிவு 2023இல் வந்தது. காசநோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுத்தார்கள். பாதி இடங்களில் நோயாளிக்கு மட்டும். மீதி இடங்களில் வீட்டில் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினரைக் கண்காணித்ததில், எல்லாருக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலில் கிருமி உறுதியான நோய் மட்டும் என்றால் 48 சதவீதம். செங்கல்பட்டில் ஊசியால் முடியாததை ஜார்க்கண்டில் அரிசியும் பருப்பும் பாதிக்குப் பாதி செய்திருக்கின்றன. கிருமி பலர் உடம்பில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உலகில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது உள்ளே போயிருக்கும் என்கிறார்கள். அதில் நோயாக மாறுவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான். யாருக்கு மாறும் என்பதைத் தட்டில் இருக்கும் சோறும் தீர்மானிக்கிறது.

கணக்குப் பிள்ளை என்பதால் கணக்குப் போட்டேன். அரிசி கிலோ 50 ரூபாய், பருப்பு 140 என்று வையுங்கள். ஒருவருக்கு மாதம் 460. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 1,840. ஆறு மாதத்துக்கு 11,040 ரூபாய். நம் கேட் முன்னால் உள்ள செயற்கை நீரூற்றுக்குப் போன வருடம் எவ்வளவு ஆயிற்று என்பது ஆண்டறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும். (அது இப்போதும் ஓடவில்லை.) மத்திய அரசின் ‘நிக்‌ஷய் மித்ரா’ ஏற்பாட்டில் தனியாரும் அமைப்புகளும் காசநோயாளிகளுக்கு உணவுப் பை கொடுக்கப் பொறுப்பேற்கலாம். நம் சங்கமும் பதிவு செய்யலாம்.

இன்னொன்று, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நம் காலை நடைக் கோஷ்டியில் சர்க்கரை இல்லாதவர்களை எண்ண ஒரு கை போதும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலைக்கு வருகிறவர்களிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சர்டிபிகேட் கேட்ட நான், எனக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. போன வாரம்தான் எடுத்தேன்.

சர்க்குலரால் என்ன பலன் என்று பாருங்கள். இரவு ஷிப்ட் செக்யூரிட்டி ஒருவர் மூன்று வாரமாக இருமுகிறார். கேட்டால், “டஸ்ட் அலர்ஜி சார்” என்று சிரிக்கிறார். அவர் வேறு என்ன சொல்வார்? டெஸ்ட் எடுத்தால் வேலை போகும் என்று நோட்டீஸ் போர்டில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். மாத்திரை சாப்பிட்டவரை வெளியே அனுப்பிவிட்டு, டெஸ்டுக்குப் போகப் பயப்படுகிறவரைக் கேட்டில் உட்கார வைத்திருக்கிறோம். அவரும் இன்னும் இரண்டு பேரும் மாறி மாறித் தூங்கும் பேஸ்மென்ட் அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடத்தை நாம் கட்டியிருக்க முடியாது.

அவரிடம் தனியாகப் பேசினேன். வேலை போகாது என்று என் சொந்தப் பொறுப்பில் சொன்னேன். திங்கட்கிழமை மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். நோய் என்று தெரிந்தால், கூட இருக்கும் குடும்பத்தினருக்குத் தடுப்பு மாத்திரையும் தருகிறார்கள். சத்துணவுக்கென்று அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியிருக்கிறார்கள்.

உங்களுக்கும் அதேதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திரமானால் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் வியர்ப்பது, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் டெஸ்டுக்குப் போங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் நான்காவது பொருளாக அந்தச் சர்க்குலர் வருகிறது. அதைத் திரும்பப் பெறும் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன். கூடவே மூன்று கோரிக்கைகள்: காசநோய்ச் சிகிச்சையில் இருக்கும் எந்தத் தொழிலாளிக்கும், டாக்டர் வரலாம் என்று சொல்லும் வரை சம்பளத்துடன் விடுப்பு, செக்யூரிட்டி அறைக்கு ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும், வருடத்துக்கு ஒரு பரிசோதனை முகாம், குடியிருப்போரும் தொழிலாளிகளும் ஒரே வரிசையில். எதிர்த்து ஓட்டுப் போட நினைப்பவர்கள் அதற்கு முன்னால் ஒரு தடவை பேஸ்மென்டுக்கு இறங்கி அந்த அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாவி என்னிடம் இருக்கிறது.

அந்த அம்மா இப்போது அடுத்த தெரு அபார்ட்மென்டில் வேலை செய்கிறார். அங்கே யாரிடமும் சொல்லவில்லையாம். நம் வீட்டுக்குத் திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். “பார்க்கலாம் சார்” என்றார்.