காண்டன் நகரம் கற்ற பாடம்

ஒரு நகரத்தின் சரித்திரம் என்றால், கோட்டை கட்டிய ராஜாவின் பெயரைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் இன்று தென் சீனத்திலுள்ள காண்டன் நகரத்தைப் பார்ப்போம். சீன மொழியில் குவாங்சௌ என்பார்கள். முத்து நதிக்கரையில் 2,200 ஆண்டுகளாக நிற்கும் நகரம் அது.

கி.மு. 214ல் சின் பேரரசின் படை அந்தச் சீமையைப் பிடித்தது. பேரரசு விழுந்ததும் நகரம் நான்யுவே ராஜ்யத்தின் தலைநகராயிற்று. அதன் இரண்டாவது அரசனின் கல்லறை 1983ல் அகப்பட்டது. அரசன் உடம்பில் பட்டு நூலால் கோத்த மணிக்கல் உடை. கூடவே 15 பேரைச் சாகடித்துப் புதைத்திருந்தார்கள். அவர்களில் ஆசைநாயகிகள், காவலாளிகள், சமையற்காரர்கள் உண்டு. ராஜா செத்தால் சமையற்காரனும் சாக வேண்டும்! பழம்பெருமையின் மறுபக்கம் இதுதான்.

1757 முதல் ஐரோப்பியர் கடல் வியாபாரத்துக்குச் சீன அரசு திறந்துவைத்த துறைமுகம் இது ஒன்றே. வெள்ளையனுக்குத் தேயிலை வேண்டும். கொடுக்க வெள்ளி போதவில்லை. என்ன செய்தான்? பீகார், காசிச் சீமை விவசாயிகளை முன்பணத்தால் கட்டிப்போட்டு, கும்பினி அபினி பயிரிட வைத்தது. அந்த அபினி காண்டனுக்குப் போயிற்று. இங்கே உழவன் கடனாளி, அங்கே உழைப்பாளி போதைக்கு அடிமை, லாபம் லண்டனுக்கு! 1839ல் லின் ஸெஷு என்ற அதிகாரி 20,000 பெட்டிகளுக்கு மேல் பறித்து அழித்தார். பிரிட்டன் யுத்தம் தொடுத்தது. 1841ல் சான்யுவான்லி கிராமத்து ஜனங்கள் திரண்டு வெள்ளைப் பட்டாளத்தை எதிர்த்தார்கள். அரசாங்கமோ 1842ல் ஹாங்காங்கைத் தாரை வார்த்தது.

1925 ஜூன் 23ல் காண்டன் வீதியில் ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ், பிரெஞ்சுத் துருப்புகள் சுட்டன. 50 பேருக்கு மேல் மாண்டனர். ஹாங்காங்கிலும் காண்டனிலும் சுமார் 2,50,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். ஒரு வாரமா, ஒரு மாதமா? 16 மாதங்கள்! எப்படித் தாங்கினார்கள்? ஹாங்காங்கை விட்டு வந்தவர்களுக்கு வேலைநிறுத்தக் கமிட்டி சோறும் தங்க இடமும் கொடுத்தது. அதே நகரில், 1926ல், ஒரு கன்பூசியஸ் கோயிலில் மாவோ விவசாய ஊழியர்களுக்குப் பாடம் நடத்தினார்.

வெற்றி உடனே வரவில்லை. 1927 டிசம்பரில் எழுந்த புரட்சியை மூன்றே நாளில் ரத்தத்தில் மூழ்கடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பலியானார்கள். 1949 அக்டோபர் 14ல்தான் செஞ்சேனை நகருக்குள் நுழைந்தது.

தோழர்களே! ராஜாவோடு புதைக்கப்பட்ட சமையற்காரன் தனி ஆள். 16 மாதம் நின்ற தொழிலாளி தனி ஆள் அல்ல. ஆகவே, வேலைநிறுத்தம் என்றால் கோஷத்தை மட்டும் யோசிக்காதீர்கள், அடுப்பையும் யோசியுங்கள். ஆலையில் கதவடைத்தால் கிராமத்திலிருந்து நெல் வரவேண்டும். வயலில் கூலிப் போர் மூண்டால் ஆலையிலிருந்து காசு போகவேண்டும். காண்டன் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே!