நூலகத்தில் ஒரு கதிர்



என் கையில் இருக்கும் இந்தக் குச்சி கடைசி வரிசைக்கும் தெரிகிறதா? ஒரு சாண் நீளம். அடியில் ஒரு வட்டு. நுனியில் சின்னக் கொக்கி. பஞ்சை நூலாக்கும் கருவி இது. இதன் பெயர் கதிர்.

கூட்டம் தொடங்குமுன் முன்வரிசைப் பிள்ளைகளிடம், “கதிர் என்றால் என்ன?” என்று கேட்டேன். ஒரு பெண் சட்டென்று “சூரியக் கதிர்” என்றாள். இன்னொருவன் யோசித்து “நெற்கதிர்” என்றான். வயலே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை அந்தச் சொல்லை வைத்திருக்கிறானே என்று மனம் குளிர்ந்தது. மூன்றாவது பொருள் யாருக்கும் வரவில்லை. குச்சியைக் காட்டினேன். உயிரியல் படிக்கும் மாணவன் ஒருவன், “இது ஸ்பிண்டில் மாதிரி இருக்கிறது” என்றான்.

அவன் சொன்னது சரி. உயிரணு இரண்டாகப் பிரியும்போது இழைகள் சேர்ந்து ஓர் உருவம் எடுக்கின்றன. நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கிய உருவம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் அதைப் பார்த்தபோது, வீட்டில் நூல் சுற்றி வைத்த கதிர் அவர்கள் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரையே வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது கதிர்கோல் இழை. நம் பிள்ளைக்கு அறிவியல் ஆங்கிலத்தில் வருகிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஜெர்மானியருக்கு நினைவுக்கு வந்த வீட்டுப் பொருள், நம் பிள்ளைக்கு எந்த வீட்டையும் நினைவூட்டவில்லையே! அந்த ஏக்கத்தோடுதான் இன்று பேச வந்தேன்.

எங்கள் வீட்டில் இந்தச் சொல் வந்த கதையைச் சொல்கிறேன். 1980களின் நடுவில் என் அம்மா ஒரு மின்னியல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அன்று சிங்கப்பூரில் ஹார்ட் டிஸ்க் தொழில் கொடிகட்டிப் பறந்தது. சீகேட் நிறுவனம் 1982இல் இங்கே வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே உலகத்தில் மிக அதிகமாக ஹார்ட் டிஸ்க் செய்யும் இடமாக நம் தீவு வளர்ந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கின் நடுவில் தட்டுகளைத் தாங்கிச் சுழலும் தண்டுக்குப் பெயர் ஸ்பிண்டில். நிமிடத்துக்கு 5,400 சுற்று, 7,200 சுற்று என்று பின்னாளில் கடைப்பெட்டிகளில் அச்சிட்டிருந்தார்களே, அது அந்தத் தண்டின் வேகம்தான். அம்மா இருந்தது அந்தத் தண்டைப் பொருத்தும் வரிசையில்.

கோயம்புத்தூரிலிருந்து அம்மிச்சி வந்திருந்தார், அம்மாவைப் பெற்றவர். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ரீலிங் பிரிவில் வேலை செய்தவர். ஓரிரவு சாப்பிடும்போது அம்மா, “ஸ்பிண்டில்ல ஒரு தூசி ஒட்டினாலும் போச்சும்மா, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டுத்தான் உள்ளே போகணும்” என்றார். அம்மிச்சி சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்தார். “அட, நம்ம கதிரச் சொல்றியா கண்ணு? எங்க மில்லுல ஆயிரக்கணக்குல ஓடுமே!”

இரண்டு பெண்கள், இரண்டு ஊர், இரண்டு காலம். ஒரே சொல்லில் சந்தித்துக்கொண்டார்கள். கோவையில் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஓர் ஆலை எவ்வளவு பெரியது என்பதை அங்கே கதிர்க்கணக்கில்தான் சொல்வார்கள். இன்றைய ஆலைக்கதிர் நிமிடத்துக்கு 15,000 சுற்றையும் தாண்டிச் சுழல்கிறது. அம்மாவின் கதிருக்கு ஒரு தூசி ஆகாது. அம்மிச்சியோ பஞ்சுத்தூசியிலேயே மூச்சுவிட்டு, இருமலோடு ஊர் திரும்பினார். அந்த இருமல் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கதிர் தரும் நூல்தான் நாம் கூடியிருக்கும் இடத்தின் பெயரிலும் இருக்கிறது: நூலகம். துணிக்கு இழையாவதும் நூல், படிக்கும் புத்தகமும் நூல். தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதினார். அதன் பாயிரத்தில், புத்தகத்துக்கு நூல் என்ற பெயர் ஏன் வந்தது என்று விளக்குகிறார். சொற்கள்தான் பஞ்சு. எழுதி முடிந்த பனுவல்தான் இழை. புலவன், நூல் நூற்கும் பெண். அவன் வாய் அவளுடைய கை. அவளுடைய கதிர் எது? அவனுடைய மதி! அறிவுதான் கதிர் என்கிறார் முனிவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சங்க காலத்தில் நூல் நூற்றவர் யார்? நற்றிணையும் புறநானூறும் அந்தப் பெண்களைக் காட்டுகின்றன. ஆண் துணையில்லாமல் பருத்தி நூற்றுப் பிழைத்த எளியவர்கள். பனுவல் என்ற சொல்லே அங்கே அவர்கள் கையிலிருந்த பஞ்சைக் குறிக்கிறது. பிறகுதான் அது புத்தகத்துக்குப் பெயரானது. புலவனுக்கு உவமை தேடிய சமண முனிவர் யானையை எடுக்கவில்லை, சிங்கத்தை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணை எடுத்தார். தமிழ் இலக்கணத்தில் நான் படித்த உவமைகளில் என்னைக் கைகூப்ப வைத்தது இது ஒன்றுதான்.

உவமை அழகுக்காக மட்டும் சொன்னதும் அல்ல. பஞ்சைக் கையால் இழுத்தால் பிய்ந்துவரும். கதிர் சுழலச் சுழல முறுக்கு ஏறுகிறது. பிரிந்து கிடந்த இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதன் பிறகு இழுத்துப் பாருங்கள், விரலை அறுக்கும். சொற்களுக்கு அறிவு செய்வது அதைத்தான்.

இந்தக் கருவி எவ்வளவு பழையது? கீழடி அகழாய்வில் பொதுக்காலத்துக்கு முன் 6ஆம் நூற்றாண்டு வரை செல்லும் மண்ணடுக்குகளைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கண்டது. நெசவுக் கருவிகளும் அங்கே கிடைத்தன. செய்தித்தாள்கள் ‘தக்களி’ கிடைத்தது என்று எழுதின. தக்களி, தக்ளி என்பது வடக்கிலிருந்து வந்த சொல்; காந்தியடிகளின் கதர் இயக்கத்தோடு நம் பள்ளிகளுக்குள் பரவியது. அந்தச் சொல்லிடம் எனக்குப் பகை இல்லை. ஆனால் இவ்வளவு பழைய நம் பொருளைக் கதிர் என்றே எழுதியிருக்கலாமே என்று மனம் கேட்கிறது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் சுடுமண் வட்டுதான். குச்சி மண்ணோடு மண்ணாக மக்கிவிடும்.

அந்தக் கதிரில் பிறந்த நூல் நமக்கு முன்பே இந்தக் கடலைத் தாண்டி வந்துவிட்டது. நாம் கூடியிருக்கும் இந்தப் பிடோக்கின் பெயரே தொழுகைக்கு அழைக்கும் பெருமுரசின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் நம் புளோக்குகளின் கீழே நின்று பாருங்கள். பள்ளிவாசலுக்குப் போகும் மலாய் அண்டைவீட்டார் பலர் கட்டியிருக்கும் கட்டம்போட்ட கைலிக்கு, அவர்கள் மொழியில் ‘காயின் பெலெகாட்’ என்று பெயர். பெலெகாட் எது தெரியுமா? நம் பழவேற்காடு! டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய அதே பழவேற்காடு. சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டுவந்துதான் இந்தத் தீவுகளின் வாசனைப் பொருளை வாங்கினார்கள். நெய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. நூற்ற பெண்ணின் பெயர் கேட்கவே வேண்டாம். ஊர்ப்பெயர் மட்டும் மலாய் மொழியில் தங்கிவிட்டது.

நான் பேசப் போவது இவ்வளவுதான். மேசையில் ஒரு கூடை பஞ்சு இருக்கிறது, கொட்டை நீக்கியது. பன்னிரண்டு கதிர்கள் இருக்கின்றன. முதல் இழை அறுந்துபோகும். எனக்கும் அறுந்தது, மறுபடி பிணைத்துக்கொள்ளலாம். ஸ்பிண்டில் என்று சொன்ன தம்பி, நீதான் முதலில் வர வேண்டும். இடது கையில் பஞ்சைப் பிடித்துக்கொள். வலது கை விரலால் கதிரைச் சுண்டிவிடு.