சூரியன் பில் அனுப்பாது. முதல் போடுவது யார்?

(பெரிய காஞ்சிபுரம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவதற்கு முன்னால் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தம்பி, சோலார் போட்டா கரண்டு பில்லே வராதுன்னு டிவியில சொல்றாங்க. சூரியனுக்கு யாரும் காசு கொடுக்கிறதில்ல. அப்புறம் ஏன் கட்டணம் மட்டும் ஏறிக்கிட்டே போகுது?"

நியாயமான கேள்வி. 2022 செப்டம்பரில் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வது மட்டும்தான் என் வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் எதிரிகள் இல்லை. அது வேண்டும், சீக்கிரமாகவும் வேண்டும். ஆனால் "எல்லாம் இலவசம்" என்று உங்களிடம் பொய் சொல்ல நமக்கு வாய் வராது. அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் அரசியலே இருக்கிறது.

உங்கள் தொழிலை வைத்தே சொல்றேன். ஒரு கோர்வைச் சேலைக்குப் பட்டும் ஜரிகையும் முன்னாடியே வாங்கணும். பாவு போடணும், பிணைக்கணும், நாள்கணக்கில் நெய்யணும். சேலை விற்றுக் காசு கைக்கு வருவது அதற்கப்புறம்தான். முதல் வைத்திருப்பவர் முதலாளி ஆகிறார். முதல் இல்லாதவர் அதே சேலையைக் கூலிக்கு நெய்கிறார். கைவேலை ஒன்றுதான், லாபம் வேறு வேறு வீட்டுக்குப் போகுது. சரிதானே?

சோலாரும் காற்றாலையும் அச்சு அசல் இப்படித்தான். அனல்மின் நிலையத்துக்குத் தினமும் நிலக்கரி வாங்கிக்கொண்டே இருக்கணும். சோலாருக்கு எரிபொருள் செலவே கிடையாது. ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கான செலவில் பெரும்பகுதியை முதல் நாளே இறக்கணும். அதனால் அந்த மின்சாரத்தின் விலையில் பெரும் பங்கு வட்டிதான். வட்டி குறைந்தால் யூனிட் விலை குறையும், வட்டி ஏறினால் விலையும் ஏறும். நம் மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது. கடனாளிக்கு யார் குறைந்த வட்டியில் கொடுப்பார்கள்? பெரிய கம்பெனிக்குச் சுலபமாகக் கிடைக்கும். அப்போ முதல் போடுவது கம்பெனி, கூலிக்கு நெய்வது போல நிற்பது நம் வாரியம்.

இது கற்பனை இல்லை. 1986-ல் தூத்துக்குடி பக்கத்தில் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை நிறுத்தி, "தமிழ்நாட்டுக் காற்றில் மின்சாரம் எடுக்க முடியும்" என்று காட்டியது அரசாங்கம். இன்றைக்கு மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் காற்றாடிதான். அதில் மின்வாரியத்துக்குச் சொந்தமானது எவ்வளவு தெரியுமா? சுமார் 17 மெகாவாட். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. வழி காட்டியது மக்கள் பணம், வருமானம் போனது தனியார் கைக்கு.

விலையையும் பாருங்கள். 2014-ல் நம் மாநில ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. ஆறே வருஷத்தில், 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு வரைக்கும் இறங்கியது. தொழில்நுட்பம் மலிவாகிக்கொண்டே வருது. ஆனால் விலை உச்சத்தில் இருந்தபோது போட்ட நீண்ட கால ஒப்பந்தங்கள் அப்படியே கழுத்தில் தொங்குது. ஒப்பந்தத்தை எப்போது போடுகிறோம், எத்தனை வருஷத்துக்குப் போடுகிறோம் என்பதெல்லாம் உங்கள் பில்லைத் தீர்மானிக்கிற விஷயம்.

அடுத்தது, நேரம்.

சூரியன் பகலில் காயும். விளக்கு எரிவது இருட்டிய பிறகு. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் விளக்கு, ஃபேன், டிவி, மிக்ஸி. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் ஏசியும் விளக்குத் தோரணமும். அந்த நேரத்தில் சோலார் பூஜ்யம். காற்றாவது கை கொடுக்குமா? ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும், அது ஆடியில்! பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வழியாக மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும் காற்று வீசும். தை, மாசியில் காற்றாடி சும்மா நிற்கும். நம் மாநிலத்தின் மின்தேவை 2024 மே 2-ம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில் சூரியன் இறங்குகிற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஈடுகட்டணும்.

அதற்குச் சேமிப்பு வேண்டும். ஒரு வழி, ஆனைமலையில் காடம்பாறை. மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற 400 மெகாவாட் நிலையம். 1980-களின் கடைசியிலிருந்து ஓடுது, அரசாங்கம் கட்டியது. அதே மாதிரி நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் ஆரம்பித்து வருஷக்கணக்காகுது. இன்னொரு வழி பேட்டரி. 2010-ல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரி உலகச் சந்தையில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024-ல் 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. முன்பு எட்டாத விலை, இப்போது எட்டுகிற தூரம். ஆனாலும் செலவு செலவுதான்.

மூன்றாவது, கம்பமும் கம்பியும். காற்று தெற்கே வீசுது, வெயில் ராமநாதபுரத்தில் காயுது, ஆலைகளும் பெருநகரமும் வேறு பக்கம் இருக்குது. நடுவில் உயர் அழுத்தக் கோபுரம், துணை மின்நிலையம் எல்லாம் புதுசாகப் போடணும். அந்தக் காசும் பில்லில்தான் ஏறும்.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் கூரை சோலார் திட்டம் கொண்டுவந்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மானியம் போக கையிலிருந்தோ கடனாகவோ ஒரு லட்சம் ரூபாய் அளவுக்குப் போடணும். சொந்த வீடு வேண்டும். முந்நூறு சதுர அடி வெயில் படுகிற மொட்டை மாடி வேண்டும். ஓட்டு வீட்டில், நடுக்கூடத்தில் குழித்தறி போட்டு, வாடகை கொடுத்து இருக்கிற நெசவாளி எந்த மாடியில் போடுவார்? சரி, எப்படியோ போட்டார் என்றே வையுங்கள். 2023 மார்ச்சிலிருந்து கைத்தறிக்கு இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம். அவருக்கு மிச்சமாகப்போவது சொற்பம். போட்ட காசு திரும்பி வராது.

ஆக, மாடி இருக்கிறவருக்கு மானியம், மாடி இல்லாதவருக்கு வேடிக்கை பார்க்கிற உரிமை.

இதோடு முடியவில்லை. பெரிய ஆலைகள் சொந்தமாகக் காற்றாலை, சோலார் வைத்துக்கொண்டு வாரியத்திடம் வாங்குவதைக் குறைக்கின்றன. அதிகக் கட்டணம் கட்டுகிற வாடிக்கையாளர் குறைகிறார். கம்பமும் கம்பியும் ஊழியர் சம்பளமும் குறையுமா? குறையாது. மிச்சம் இருப்பவர்கள் தலையில்தான் விழும். அப்போது "இலவசத்தால்தான் வாரியம் நஷ்டம்" என்று ஒரு குரல் கிளம்பும். அந்த 300 யூனிட்டுக்கான பணத்தை மாநில அரசு மானியமாக வாரியத்துக்குக் கொடுக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

டெல்லியிலிருந்து வருவதையும் பாருங்கள். 2022 ஆகஸ்ட்டில் மின்சாரத் திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். 2023 ஜூனில் விதியைத் திருத்தி, பகலில் மின்சாரம் மலிவு, உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதல் என்றார்கள். விவசாயத்தைத் தவிர எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1 என்று தேதியும் குறித்தார்கள். ஆலைக்காரர் மெஷின் ஓடுகிற நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை படிக்கிற நேரத்தை எப்படி மாற்றுவது?

"அப்படின்னா நிலக்கரியே இருந்துட்டுப் போகட்டுமே" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. அந்த நிலக்கரி ஒடிசா தால்சரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருது. 2022-ல் உக்ரைன் போர் வந்தபோது உலகச் சந்தையில் நிலக்கரி விலை எகிறியது. அந்த நேரத்தில் வெளிநாட்டு நிலக்கரியைக் கலந்தே ஆகணும் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது ஒன்றிய அரசு. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீனவர் வலை காலியாகத் திரும்புவதை நேரில் போய்ப் பாருங்கள். நிலக்கரியின் செலவு பில்லில் பாதிதான் வருது, மீதி எண்ணூர்க்காரர் நுரையீரலில் எழுதப்படுது.

மாறத்தான் வேண்டும். யார் கையில் மாறுவது என்பதே நம் கேள்வி. அதற்கான பதில் இந்த ஊரிலேயே இருக்கு. முதல் இல்லாத நெசவாளிகள் என்ன செய்தார்கள்? கூட்டுறவு சங்கம் கட்டினார்கள். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்று பெயர் வைத்து, தனி ஆளால் போட முடியாத முதலைச் சேர்ந்து போட்டார்கள். சங்கங்களில் குறை இல்லையா? இருக்கு, சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கோம். ஆனால் அந்த யோசனை சரியான யோசனை. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் பிறந்ததும் அப்படித்தான். லாபம் வராத குக்கிராமத்துக்கும் கம்பம் நட்டது பொதுத்துறைதான்.

அதனால் நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: 2024-ல் தனியாகப் பிரித்த தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் வெறும் ஒப்பந்தம் போடுகிற அலுவலகமாக இருக்கக் கூடாது. புதிய காற்றாலை, சோலார், நீர்ச் சேமிப்பு, பேட்டரி ஆகியவற்றில் பெரும்பங்கு அதற்கே சொந்தமாக வேண்டும். அதற்குக் குறைந்த வட்டியில் கடன் தர ஒன்றிய அரசு பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டு: நெசவாளர் சங்கக் கட்டடம், நகராட்சிப் பள்ளி, சந்தை என்று பொதுக் கூரைகளில் சோலார் போட்டு, அந்த யூனிட்டை மாடி இல்லாத வீடுகளின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். டெல்லியில் இதற்கான விதிமுறை 2019-லேயே வந்துவிட்டது.

மூன்று: கைத்தறிக்கான 300 யூனிட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. சிறு நுகர்வு வீடுகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் கூடவே கூடாது.

நான்கு: தனியாரோடு போடுகிற ஒவ்வொரு மின்கொள்முதல் ஒப்பந்தமும், விலை, வருஷம் உட்பட, மக்கள் படிக்கிற தமிழில் வெளியாக வேண்டும்.

பெரியவரே, நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். சூரியன் யாருக்கும் பில் அனுப்பாது. நடுவில் முதல் போட்டவர்தான் அனுப்புவார். அந்த முதலை நாமெல்லாம் சேர்ந்து போட்டால் மின்சாரம் நம் சொத்து. விட்டுவிட்டால் வெயிலுக்கும் கூலிக்காரர்தான் நாம்.

இதைப் படிக்கிற தோழர்களே, லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு மின்கட்டண விவரத்தை எடுத்து, எத்தனை யூனிட், எவ்வளவு மானியம் என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் தெருவில் சும்மா கிடக்கிற பொதுக் கூரை எது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடுதான் மின்வாரிய அலுவலக வாசலுக்குப் போகப் போகிறோம்.



#மின்சாரம்_மக்கள்_சொத்து #காஞ்சிபுரம்